பச்சையை நம்பாதவர்

என் கடைக்கு அவர் முதலில் வந்தது, பெரிய தாளில் ஒரு வரைபடம் பிரிண்ட் எடுக்க. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், பட்டா விண்ணப்பம், வேலைவாய்ப்புப் பதிவு என்று எது கிடைத்தாலும் செய்வேன்.

"கலர் பிரிண்டர் ஓடுதா?" என்று கேட்டார்.

"நல்லா ஓடும் மேடம்."

"கடைசியா எந்தக் கிழமை ஓடுச்சு?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மை காய்ந்து அது படுத்துப் பத்து நாளாகியிருந்தது. ஆளை உட்கார வைத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போய்ப் பக்கத்துக் கடையில் எடுத்து வந்து கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். நான் விழித்ததை அவர் பார்த்துவிட்டார்.

"அப்ப ஓடும்னு சொல்லாதீங்க. ஓடணும்னு ஆசைன்னு சொல்லுங்க" என்றார். சிரிக்கவில்லை. பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. இத்தனை வருஷம் தொழில் செய்கிறேன், ஒருத்தி வந்து ஒரே கேள்வியில் என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டாளே என்று அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன்.

ஐம்பதை ஒட்டிய வயது. கைத்தறிச் சேலை, காலில் கான்வாஸ் ஷூ. இடது கையில் ஒரு வாட்ச், வலது கையில் ஒரு வாட்ச். ஒன்றில் நம் ஊர் மணி, இன்னொன்றில் ஒரு வெளிநாட்டு மணி. எந்த நாடு என்பதை நான் எழுதப்போவதில்லை. கடலுக்கு நடுவே சின்னச் சின்னத் தீவுகளாகச் சேர்ந்த ஒரு நாடு. ஃபோனில் மேப்பைத் திறந்து பார்த்தேன். நீலத்தில் மிளகைத் தூவியது போல நாலு புள்ளி இருந்தது. இதற்கும் ஒரு அரசாங்கமா, அதற்கு ஒரு திட்ட அலுவலகமா, அதன் வேலையை எங்கள் தெருவில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து ஒரு பெண் பார்க்கிறாளா? நான் நம்பவில்லை.

நான் மட்டுமல்ல, தெருவில் யாருமே நம்பவில்லை. விடியற்காலையில் இங்கிலீஷில் யாரிடமோ சத்தமாகப் பேசுகிறார். சுவர் முழுக்கத் தீவுப் படம் ஒட்டியிருக்கிறார். சொந்தக்காரர் யாரும் வருவதில்லை. டீக்கடை அண்ணாச்சி, "தீவை விலைக்கு வாங்கி விக்காவளாம்" என்றார். தறிக்குப் போகிற என் வீட்டுக்காரர், "ஏட்டி, அந்தம்மாகிட்ட நம்ம ஆதாரு கீதாரு எதையும் குடுத்துராத" என்று எச்சரித்தார். ஒரு நாள் மப்டியில் ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்து, அவர் என்ன பிரிண்ட் எடுக்கிறார் என்று விசாரித்துவிட்டுப் போனார். தெருவில் அவருக்குத் தீவு மேடம் என்று பெயர் விழுந்தது. நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

நாங்கள் அவரைச் சந்தேகப்பட்டது பெரிதில்லை. அவர் எங்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டார். அதையும் ஒளிக்காமல், முகத்துக்கு நேராக, ஒரே கேள்வியில் செய்தார். எந்தக் கிழமை பார்த்தீர்கள்? இதுதான் அவருடைய கேள்வி.

புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவருகிறவர், "இன்னைக்குப் பறிச்சது மேடம்" என்பார். "பறிக்கையில நீங்க அங்கன நின்னீங்களா?" என்று கேட்டு ஒரு பழத்தை அங்கேயே நறுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். எங்கள் தெருக் குழாயில் தினமும் தண்ணீர் வருகிறது என்று வார்டில் ஒருவர் சொன்னாராம். மறுநாளிலிருந்து மாடிப்படிச் சுவரில் கரித்துண்டால் கோடு போட ஆரம்பித்தார். தண்ணீர் வந்த நாளுக்கு ஒரு கோடு, வராத நாளுக்கு ஒரு வட்டம். மாதக் கடைசியில் அந்த மனிதரைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். அவர், "நீங்க எந்த ஆபீஸ்லேருந்து வந்திருக்கீய?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டார்.

கோவிலில்கூட விடவில்லை. எங்கள் ஊர்ப் புற்றுமண் தோல் நோய்க்கு நல்லது என்று பேர் போனது. அவருக்கு முழங்கையில் ஒரு சொறி. "பூசுங்க மேடம், பத்தே நாள்ல போயிரும்" என்றேன். "யாருக்குப் போச்சு? நீங்க பாத்தீங்களா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்பாள் விஷயத்தில் என்ன கிழமை வேண்டிக் கிடக்கிறது? ஆனால் மறுநாள் காலை அவரே போய் மண் எடுத்து வந்து பூசிக்கொண்டார். பத்து நாளும் கையைப் படம் எடுத்துக் கீழே கிழமையை எழுதி வைத்தார். குணமானதா என்று கேட்டேன். "கொறஞ்சிருக்கு. மண்ணாலயா, நான் அந்தப் பத்து நாளும் சோப்புப் போடாததாலயான்னு தெரியல" என்றார். இந்த மனுஷியை என்ன செய்வது?

பிரிண்டரைச் சரி செய்த பிறகு நானே மாடியேறிப் போய், "நேத்து வியாழக்கிழமை ஓடுச்சு மேடம்" என்றேன். அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அதற்கு அடுத்த வாரம் என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

வேலை என்னவென்று அவர் சொன்னபோதும் எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை. உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து பதினேழு இலக்குகள் வைத்திருக்கின்றன. வறுமை, பசி, படிப்பு, தண்ணீர், கடல் என்று பதினேழு. ஒவ்வொரு நாடும் அதை எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டம் போட வேண்டும். இவர் அந்தத் தீவு நாட்டுக்குக் கணக்கு டீச்சராகப் போய், பிறகு அங்கேயே திட்ட அலுவலகத்துக்கு மாறி, இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். ஊர் திரும்பிய பின்னும் தண்ணீர்ப் பகுதியை மட்டும் இவரே பார்க்கும்படி ஒப்பந்தம். அறுபத்துச் சொச்சம் தீவுகள். ஒரு தீவுக்கு ஒரு வரி. மழை இல்லாத மாதங்களில் அங்கே குடிக்க இருப்பது, கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் மெஷின் ஒன்றுதான். மெஷின் ஓடினால் அந்த வரிக்குப் பச்சை. ஓடாவிட்டால் சிவப்பு. தெரியாவிட்டால் மஞ்சள். சிவப்பு வரிகளை வைத்துத்தான் எஞ்சினியர்களும் சாமான்களும் ஏறிய ரிப்பேர் படகு எந்தெந்தத் தீவுக்குப் போக வேண்டும் என்று முடிவாகும். நாட்டுக்கே படகு ஒன்றுதான். பச்சைத் தீவில் அது நிற்காது.

இவர் கைக்கு வந்தபோது பட்டியல் முழுக்கப் பச்சையாக இருந்ததாம். எப்போது கணக்கெடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அங்கே மழைக்காலம். கூரைத் தொட்டிகள் நிரம்பி எல்லாக் குழாயிலும் தண்ணீர் கொட்டிய வாரம். மெஷின் ஓடுகிறதா என்று யாரும் போய்ப் பார்க்கவே இல்லை. அத்தனை வரியையும் ஒரே நாளில் மஞ்சளாக்கிவிட்டார். மந்திரி ஆபீஸில் பெரிய சண்டை.

"பச்சையாப் பாத்ததும் பாய்ஞ்சு மேய்றதுக்கு நான் என்ன மாடா?" என்று என்னிடம் கேட்டார்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அவர் பிறந்தது குருவிகுளம் பக்கம் ஒரு வானம் பார்த்த கிராமம். இவர் பள்ளிக்கூடம் படிக்கையில், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று ஊரே மனுக் கொடுத்திருக்கிறது. மூன்று மாதம் யாரும் வரவில்லை. பிறகு ஒரு ராத்திரி கோடை மழை கொட்டியது. மறுநாள் காலையில் ஜீப் வந்தது. ஊருணியில் தண்ணீர் கிடப்பதைப் பார்த்து, எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருஷம் அந்த ஊருக்குப் போர்வெல் போடவில்லை. "அவரு பொய் எழுதல. பாத்ததத்தான் எழுதுனாரு" என்றார். பிறகு பேச்சை மாற்றிவிட்டார்.

என்னை ஏன் சேர்த்துக்கொண்டார் என்றால், அந்தத் தீவுகளின் பள்ளிக்கூடங்களில் நம் பக்கத்து வாத்தியார்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தென்காசி, கடையநல்லூர், ராயகிரி என்று எங்கிருந்தெல்லாமோ போனவர்கள். அரசாங்க ஆளிடம் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார். வாத்தியாரிடம் தமிழில் கேட்டால் உள்ளது வரும். அவர்களிடம் பேசுவது என் வேலை. அவர் கொடுத்த லேப்டாப்பிலிருந்துதான் பேச வேண்டும். பேசிய பிறகு நாலு கட்டம் நிரப்ப வேண்டும். எந்தக் கிழமை பேசினேன்? யாரிடம் பேசினேன்? அவர் எங்கே நின்று பேசினார்? என் காதில் என்ன கேட்டது?

"வாத்தியார் வீட்டுல சேர்ல உக்காந்துக்கிட்டு ஆமான்னு சொன்னா அது கணக்கில்ல. எந்திரிச்சு மெஷின் ரூமுக்குப் போகச் சொல்லுங்க. குழாயத் தொறக்கச் சொல்லுங்க. தண்ணி விழுற சத்தம் உங்களுக்குக் கேக்கணும்" என்பார்.

கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன். நாலைந்து வாரத்தில் அந்தத் தீவுகள் எனக்கு அக்கம்பக்கத்து ஊர்களாகிவிட்டன. பட்டியலின் கடைசி வரிக்கு வால் தீவு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். நாற்பது வீடும் ஒரு பள்ளிக்கூடமும் உள்ள தீவு. அங்கே கடையநல்லூர்க்காரர் ஒருவர் வாத்தியார். முப்பத்தைந்து வயது இருக்கும். தங்கமான மனுஷன். நான் கூப்பிட்டதும், "இருங்கக்கா, போயிக்கிட்டே இருக்கேன்" என்று மூச்சிரைக்க மெஷின் ரூமுக்கு நடப்பார். தண்ணீரைத் திறந்துவிட்டு, "கேக்குதா? அல்ஹம்துலில்லாஹ், இந்த மாசமும் ஓடுது" என்பார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஆடித்தபசு வாரம். வீட்டில் பதினான்கு பேர் விருந்தாளிகள். ஊரில் கால் வைக்க இடமில்லை. திருவிழாவுக்கு வெளியூர் ஜனம் வருவதால் அந்த வாரம் மட்டும் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் நிற்காமல் வரும். செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள் பட்டியல் போக வேண்டும். அதை வைத்துத்தான் படகு புறப்படும். எல்லாத் தீவுக்கும் பேசிவிட்டேன், வால் தீவைத் தவிர. அதற்கு லைன் சாதாரணமாகவே லேசில் கிடைக்காது. சாயங்காலம் தபசுக் காட்சி பார்க்கப் போக எல்லோரும் கிளம்பி நின்றார்கள். "ஏட்டி, வாரியா இல்லியா?" என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று கத்தினார்.

போன மாதம் நன்றாகத்தானே ஓடியது என்று நினைத்தேன். கட்டங்களை நிரப்பினேன். செவ்வாய்க்கிழமை. பள்ளி வாத்தியார். மெஷின் ரூம் குழாயடியில் நின்று பேசினார். கடைசிக் கட்டத்தில் எழுத ஒரு நிமிஷம் யோசித்தேன். எங்கள் வீட்டுக் குழாயிலிருந்து டிரம்மில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "தண்ணீர் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது" என்று எழுதினேன். பச்சை போட்டேன். லேப்டாப்பை மூடிவிட்டு, தலையில் வைத்த பூவைச் சரி செய்துகொண்டு கிளம்பினேன்.

ஒன்பது நாள் கழித்து அந்த வாத்தியார் என் சொந்த நம்பருக்குக் கூப்பிட்டார்.

"அக்கா, நம்ம தீவுக்குப் படகு எப்ப வருது? மெஷின் படுத்துப் பதிமூணு நாளாச்சு. ஆபீஸ்ல சொன்னா, உங்க தீவு பச்சை, நீங்க பொய்ப் புகார் குடுக்குதீங்கங்காங்க. பிள்ளைக கிணத்து உப்புத் தண்ணியத்தான் குடிக்குது. பாதிப் பேருக்கு வயித்தால போவுது."

"விசாரிச்சுச் சொல்லுதேன் சார்" என்று வைத்துவிட்டேன். மாடிக்குப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே? பதினெட்டுப் படி. ஏறவில்லை. இத்தனை மாதம் என்னை நம்பிய ஒரே ஆள், உலகத்தில் யாரையும் நம்பாத ஆள். அவர் முன்னால் போய் நின்று நான் எழுதியதெல்லாம் கற்பனை என்று எப்படிச் சொல்வது? எப்படியும் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், படகு போய்விடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். வாத்தியார் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

அந்த நாட்களில் மேடத்தின் ஒவ்வொரு அசைவையும் சந்தேகத்தோடு பார்த்தேன். வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டால், தெரிந்துதான் கேட்கிறாரோ என்று நினைப்பேன். கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று நினைப்பேன். ஒருநாள் டீ கொடுக்கையில், "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றார். "தலைவலி மேடம்." "எப்பலேருந்து?" நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். சாதாரணமாகக் கேட்டதுதான். ஆனால் அன்று ராத்திரி தூங்கவில்லை.

மூன்று வாரம் போனது. பிறகு ஒரு வீடியோ மீட்டிங். நான் கேமராவில் விழாமல் பக்கத்தில் உட்கார்ந்து தாள்களை எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த நாட்டு அதிகாரிகள் ஐந்தாறு பேர் திரையில் இருந்தார்கள். ஒருவர் வால் தீவின் வரியை வாசித்தார். பள்ளி வாத்தியார், மெஷின் ரூம் குழாயடி, தண்ணீர் விழும் சத்தம். இங்கிலீஷில் வாசிக்கும்போது அது இன்னும் நிஜம் போல இருந்தது. மெஷின் அந்தத் தேதிக்கு முன்பே நின்றுவிட்டது என்று வேறொருவர் சொன்னார்.

"அப்படியானால் வாத்தியார் பொய் சொல்லியிருக்கிறார். அவரிடம் விளக்கம் கேட்போம். அவருடைய வேலை ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்" என்றார் முதலாமவர்.

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. அவரை யாரும் கூப்பிடவே இல்லை. அந்த வரியை நான் எழுதினேன். பேசாமலே எழுதினேன்" என்றார் இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்தி.

நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். கையில் அடுத்த தாள். கேமராவுக்குள் தலையை நீட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

படகை உடனே வால் தீவுக்குத் திருப்புவதாகச் சொன்னார்கள். மேடம் இனி எந்த வரியையும் தொட வேண்டாம் என்றும் சொன்னார்கள். அவர் நன்றி சொல்லி லேப்டாப்பை மூடினார். வாத்தியார்களிடம் நான் பேசுகிற அதே லேப்டாப். அதை எடுத்துத் துடைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. யார் யாரிடம், எந்த நாளில், எத்தனை நிமிஷம் பேசினோம் என்பதெல்லாம் அதிலேயே பதிவாகி இருக்கும். இந்தப் புகாருக்காக மீட்டிங்குக்குக் கூப்பிட்டதுமே அவர் பார்த்திருப்பார். பார்க்காமல் இருக்கிற ஆளா அவர்?

என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, வாத்தியாரைக் காப்பாற்றச் சொன்னாரா, இல்லை நான் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று பார்க்கச் சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்லவர்கள் செய்வதில் இப்படிக் கணக்குப் பார்ப்பது கேவலம்தான். ஆனால் அவரோடு பழகியவர்களுக்கு எதையும் சும்மா எடுத்துக்கொள்ள வராது.

அடுத்த வாரம் அந்தத் தீவுக்கே கிளம்பினார். மெஷின் ஓடுகிறதா என்று நேரில் பார்க்க வேண்டுமாம். வேலை போன பிறகு இவருக்கு என்ன? மதுரை பஸ் ஏற்றிவிட நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"எங்கிட்ட எதுவும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல மேடம். பாத்துப் போயிட்டு வாங்க" என்றேன்.

"சரி" என்றார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து வாத்தியார் கூப்பிட்டார். இந்த முறை எடுத்தேன்.

"மெஷின் ஓடுதா சார்?"

"ஓடுதுக்கா. படகு வந்துட்டு. பிள்ளைகளுக்கும் இப்ப பரவாயில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா என்னையத்தான் யாரும் நம்ப மாட்டேங்காங்க. நான் குழாயடியில நின்னு தண்ணி வருதுன்னு சொன்னதா அந்த லிஸ்ட்ல இருந்துச்சாம். ஆபீஸ்காரன் வந்து எல்லார் முன்னாலயும் வாசிச்சுட்டான். உங்க நாட்டுக்காரங்ககிட்ட நல்ல பேரு வாங்குறதுக்கு எங்க பிள்ளைகளுக்கு உப்புத் தண்ணி குடுத்துட்டியேங்காங்க. ரெண்டு வாரமா ஒரு பிள்ளையும் கிளாஸுக்கு வரல. பள்ளிவாசல்ல பக்கத்துல நிக்க மாட்டேங்காங்க."

"மேடம் வந்து சொல்லலியா?"

"வந்தாங்க, இன்னும் இங்கனதான் இருக்காங்க. எல்லாரையும் கூட்டி, இவரு சொல்லல, நான்தான் எழுதினேன்னாங்க. ஒரு கெழவர் எந்திரிச்சு, எந்த நாள் எழுதுன, எங்க உக்காந்து எழுதுனன்னு கேட்டாரு. மேடத்துக்குப் பதில் சொல்ல வரலக்கா. முழிச்சாங்க. இந்தம்மாவும் அவன் ஊர்தானே, அவனுக்காகப் பேசுதாங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

நான் ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"அக்கா, லிஸ்ட்டுக்காக எங்கிட்ட எப்பவும் பேசுறது நீங்கதான். அது மேடம் எழுதுனது இல்லன்னு எனக்குத் தெரியும். கோவமா கேக்கல. எழுதித் தருவீங்களா?"

"தாரேன் சார்" என்றேன்.

"தமிழ்ல வேண்டாம். தமிழ்னா நான்தான் படிச்சுச் சொல்லணும், அதையும் நம்ப மாட்டாங்க. இங்கிலீஷ்ல எழுதுங்க."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏழெட்டு வரி எழுதினேன். என் பெயர், கடை, ஊர், ஆடித்தபசு, செவ்வாய்க்கிழமை, என் வீட்டு டிரம், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படம் பிடித்து அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. காகிதத்தை யாரும் ஏற்கவில்லையாம். ஆளைப் பார்க்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வீடியோவில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட முற்றம். தரையில் பெண்கள், பெஞ்சில் ஆண்கள், சுவரில் தொற்றிக்கொண்டு பிள்ளைகள். வாத்தியார் ஓரத்தில் தனியாக நின்றார். நான் இங்கிலீஷில் சொன்னேன். நான் அவரைக் கூப்பிடவே இல்லை. திருவிழாவுக்குப் போகும் அவசரத்தில் நானே எழுதினேன். பிறகு அவர் கூப்பிட்டுச் சொன்னபோதும் மூன்று வாரம் மறைத்தேன். உங்கள் பிள்ளைகள் குடித்த உப்புத் தண்ணீருக்கு நான்தான் காரணம். அவர்களில் ஒரு பெண் இதை அவர்கள் பாஷையில் சொன்னாள்.

பெஞ்சிலிருந்த ஒரு கிழவர் ஏதோ கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "இதைச் சொல்லும்படி உன்னிடம் யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை" என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து மேடம் எழுந்தார். இளைத்திருந்தார். அவர்கள் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னார். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. பிறகு கிழவர் வாத்தியாரைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோன் அருகே வந்தார்.

"மேடம் என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்றது நெசம்னு சொன்னாங்க. அன்னைக்கு அவங்க சொன்னதுதான் பொய்யின்னு சொன்னாங்க."